பன்னிரண்டாம் பிரிவு

கடல் தாண்டி வந்த வேண்டுகோள்,
நாற்பத்தொரு பக்கம், சட்டம் தனி இணைப்பாக.
புதுக்கடையில் போட்டோக்கொப்பிக் கடைக்கு மேலே
ஒரு காற்றாடி, ஒன்றரை மேசை, நான்.
பக்கத்துக்கு எண்ணூறு ரூபாய்.
"தமிழிலயும் ஒண்டு வேணுமாம் மிஸ்,
களஞ்சியம் பார்த்த சாட்சிக்குச் சிங்களம் வாசிக்க வராதாம்"
என்றபடி படியிறங்கினான் இல்ஹாம்.

விடயம் பம்பு.
வெள்ளம் இறைக்கும் பம்பு, ஆறு.
அவர்களுடைய கம்பனி விற்றது,
நம்முடைய சபை வாங்கியது,
இடையில் ஏதோ ஒரு தீவில்
பெயர்ப்பலகை மட்டும் வைத்திருந்த நிறுவனத்துக்கு
'ஆலோசனைக் கட்டணம்' போனது.
என்ன ஆலோசனை என்று
கடைசிப் பக்கம்வரை தேடினேன்.
'வாங்குங்கள்' என்பதைத் தவிர
எதுவும் அகப்படவில்லை.

நீளமான கை அந்தச் சட்டத்துக்கு.
தன் ஊர்க் கம்பனி எந்த ஊரில் கவரை நீட்டினாலும்
மணிக்கட்டில் பிடிக்கிறது.
மெச்சத்தான் வேண்டும்.
இங்கே ஒன்பது வருடம்
அதே கோப்பு அலுமாரிக்குள் குறட்டை விட்டது.
அங்கே ஒரு பெண் அதிகாரி
கணக்கிலக்கத்தின் கடைசி நான்கு எண்களைக் கேட்டாள்.
எல்லோரும் எழும்பிவிட்டார்கள்.

பதினேழாம் பக்கம்:
பாதிக்கப்பட்டோர்.
நியாயமான சந்தைப் போட்டி.
கேள்விமனுவில் தோற்ற இரண்டு கம்பனிகள்.
பங்குதாரர்.

நான் வெல்லம்பிட்டியில் இருக்கிறேன்.
அந்த மே மாதம் ஆறு பம்பில்
ஒன்றுகூட இருமவில்லை.
தண்ணீர் மூன்றாம் படி ஏறி
எங்கள் பிரிட்ஜை மிதக்கவிட்டு,
பக்கத்து வீட்டு ஜெஸ்மினாவின் தையல் மெஷினை
பெருநாள் உடுப்புகளோடு சேர்த்து
சேற்றுக்குள் வைத்துவிட்டுப் போனது.
பட்டியலை மறுபடி வாசித்தேன்.
மொழிபெயர்ப்பாளர் தன் குறிப்பைச் சேர்க்க
அனுமதி கிடையாது.
'பங்குதாரர்' என்று எழுத்துப்பிழை இல்லாமல் தட்டினேன்.

தண்டப்பணம் கோடிக்கணக்கில்.
அது அங்குள்ள திறைசேரிக்கு.
வீதி போடுவார்கள்,
நல்ல வீதியாகத்தான் இருக்கும்.

பணிப்பாளருக்கு இனி அந்த நாட்டு விசா இல்லை.
பத்திரிகையில் அது வந்த அன்று
தேத்தண்ணிக் கடையில் சிரிப்பு அடங்கவேயில்லை.
ஓட்டோ ஓட்டும் சவுந்தரநாயகம் கேட்டார்:
"மகளின்ர பிள்ளைப்பேறு பாக்கப் போகக் கேட்டு
ரெண்டு தரம் எனக்கும் இல்லையெண்டவங்கள்.
நான் எந்தப் பம்பை விழுங்கினனான்?"

சிக்கியது பன்னிரண்டாம் பிரிவில்.
வழமையான அலுவல் ஒன்றைத் துரிதப்படுத்தக்
கொடுக்கும் சிறுதொகை
இலஞ்சமாகக் கொள்ளப்படாது.
அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஒரு வரி நீளம்.
நமக்கு ஒரே சொல்:
சந்தோசம்.
பிறப்புச் சான்றிதழுக்கு ஒரு சந்தோசம்.
ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு ஒரு சந்தோசம்.
சத்தியம் செய்து தொழில் நடத்த
அனுமதி கேட்ட என் விண்ணப்பம்
மேசை விட்டு மேசை நகர
மூன்று சந்தோசம்.
எழுதினேன், வெட்டினேன்,
அகராதிச் சொல்லைப் போட்டு முத்திரை குத்தினேன்.

வெள்ளி, பின்னேரம் மூன்றரை.
அமைச்சுக் கருமபீடத்தில் இருந்தவர்
உறையைத் தொடவில்லை.
"இண்டைக்குத் தபால் பை கட்டியாச்சு. திங்கள் போயா.
அவசரமெண்டால்..."
அவருடைய சப்பாத்தில்
பழைய வெள்ளம் ஒரு கோடு விட்டிருந்தது.
கொலன்னாவையாக இருக்கலாம்.

உறையைக் கிழித்து
பன்னிரண்டாம் பிரிவை அவருக்கு வாசித்தேன்,
சிங்களத்தில், ஆறுதலாக.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக்
கவனமாகக் கேட்டார்.
"அப்ப பிழையில்லையே மிஸ்" என்றார்.

கைப்பையின் உள்ளறையில்
ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்று கிடந்தது.
களனிப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.
கிழித்த உறையை மறுபடி ஒட்ட
அவரிடம்தான்
பசை கேட்கவேண்டியிருந்தது.