பாலம் இறங்கும்வரை

இன்று நள்ளிரவோடு விண்ணப்பம் முடிகிறது.
நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு, எந்தப் பிரிவு என்று
மூன்று வட்டங்கள் கேட்கின்றன.
ஒன்றை மட்டும் கறுப்பாக்க வேண்டும்.

டுலூத் நகரின் அவசரப் பிரிவில்
பதினோராவது குளிர்காலம் எனக்கு.
இரவு மூன்று மணி, சூப் இயந்திரத்தின் அருகே
ஆர்டித் கோஸ்கெலா சொன்னாள்:
"குடும்ப நலம் எடு.
காதுவலியிலிருந்து கர்ப்பம்வரை எல்லாம் வரும்.
ஆனால் ஒன்று,
பயிற்சி தர ஆளை நீயே தேடிக்கொள் என்கிற கல்லூரிக்கு
ஒரு டாலர்கூடக் கட்டாதே.
நான் நாற்பத்திரண்டு இடங்களுக்கு எழுதினேன்.
நாற்பத்தொன்று வாயே திறக்கவில்லை.
மிச்சமிருந்த ஒன்று இங்கிருந்து மூன்று மணி நேரம்,
பனி கொட்டினால் ஐந்து."

தாடியஸ் ப்ரூலே தலையாட்டி மறுத்தான்,
வாயில் ரொட்டியோடு.
"மனநலம். கண்ணை மூடிக்கொண்டு மனநலம்.
எங்கேயும் ஆள் இல்லை.
சம்பளம் பேசும்போது எதிரே இருப்பவர்தான் வியர்ப்பார்.
நான் முழுக்கக் கணினியிலேயே படித்தேன்,
பிள்ளைகளின் கஞ்சிக் கிண்ணங்களுக்கு நடுவே."
ரொட்டியை விழுங்கிவிட்டு
குரலைக் கொஞ்சம் இறக்கினான்.
"முதல் நாள், கதவைச் சாத்தினேன்.
எதிரே ஒரு பெண், பத்தொன்பது வயது.
எந்தக் காணொளியிலும் வராத அமைதி.
நடுங்கியது என் பேனாதான்."

பா நியா வாங் ஒன்றும் சொல்லவில்லை.
காகிதக் கைக்குட்டையில் கணக்குப் போட்டாள்.
கடன் அறுபத்தெட்டாயிரம்.
வட்டி.
பாதி வேலைக்கு மாறினால் கைநழுவும் சம்பளம்.
ஐம்பத்தாறு என்று எழுதி, இரண்டு கோடு போட்டு
என் பக்கம் நகர்த்தினாள்.
"படித்தாலும் படிக்காவிட்டாலும்
ஐம்பத்தாறு வயது வரத்தான் போகிறது.
எல்லோரும் சொல்வதுதான்.
வட்டியைச் சேர்த்து யாரும் சொல்வதில்லை."

நான்காம் படுக்கையில்
தாதுக் கப்பலின் சமையற்காரர், நெஞ்சு நிறைய ஒயர்கள்.
"இந்த மாத்திரை தொடங்கியதிலிருந்து கால் வீங்குது,
ஷூவுக்குள்ளே போகமாட்டேங்குது.
மாற்றித் தாங்களேன்."
எனக்குத் தெரியும்.
எந்த மாத்திரை என்று தெரியும்,
அதற்குப் பதில் எது என்றும் தெரியும்.
"டாக்டர் வருவார்," என்றேன்.
டாக்டர் வந்தார், இரண்டரை மணி நேரம் கழித்து.
நான் நினைத்ததையே எழுதிவிட்டுப் போனார்.
நல்ல மனிதர். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

காலை ஏழு மணிக்கு
கார்க் கண்ணாடியில் உறைபனியை நகத்தால் கீறிக்கொண்டிருந்தேன்.
ஆர்டித் தன் சுரண்டியை நீட்டினாள்.
"அங்கே எல்லோர் முன்னாலும் சொல்லவில்லை.
அடுத்த மாதம் பழைய வேலைக்கே திரும்புகிறேன்.
படுக்கையோரம். நீலச் சட்டை.
கால் மணிக்கு ஒருவர், நாளுக்கு இருபத்திரண்டு பேர்,
வீட்டுக்குப் போய் அவர்களைப் பதிவெழுதி முடிக்க நள்ளிரவு.
போதும்."
நான் எதுவும் கேட்காமலேயே தொடர்ந்தாள்.
"தோல்வி என்று எடுத்துக்கொள்ளாதே.
மருந்துச்சீட்டில் முதன்முதலாக
என் பெயரை மட்டும் கையெழுத்திட்ட அன்று
இதே இடத்தில் அரை மணி நேரம் அழுதேன்.
என்ன அழுகை அது என்று இன்றுவரை தெரியாது.
நீ போ.
இல்லை, யோசித்துப் போ.
சுரண்டியை நாளைக்குத் தந்துவிடு."

தூக்குப்பாலம் மேலே ஏறி நின்றது.
ஆயிரம் அடி இரும்பு
அவசரமே இல்லாமல் ஏரிக்குள் போய்க்கொண்டிருந்தது.
சமையற்காரரின் கப்பலாக இருந்தால்
அதன் அடுப்பில் இன்று வேறு யாரோ.
எனக்கு முன்னால் ஒன்பது கார்கள்.

கைபேசியைத் திறந்தேன்.
"உங்கள் நோக்கத்தை ஐநூறு சொற்களில் விளக்குக."
வட்டங்களைத் தொடவில்லை.
கீழே வெற்றுப் பெட்டியில் தட்டினேன்:
டாக்டர் வருவார் என்று பதினோரு வருடமாகச் சொல்கிறேன்.

ஆறு சொல்.
இன்னும் நானூற்றுத் தொண்ணூற்று நான்கு.
பின்னால் யாரோ ஹார்ன் அடித்தார்கள்.
பாலம் எப்போதோ இறங்கிவிட்டிருந்தது.