இரண்டா, ஒன்றா

தார்த்து நகர ஆய்வகத்தில் என் வேலை
தலையில் பசை தடவிக் கம்பி ஒட்டுவது,
முடிந்ததும் முடி அலச வெந்நீர் வைப்பது.

இருட்டறை. சின்ன விளக்கு மினுக்கும்.
எத்தனை முறை என்று சொன்னால் போதும்.
இரண்டு, என்றாள் வைக்கே.
அதே மினுக்கலுக்கு
ஒன்று, என்றார் அவள் கணவர் எண்டெல்.

அவள் மூளையலை நொடிக்குப் பதினொன்று,
அவருக்கு ஒன்பது.
அலை நீண்டால் இரண்டும் அதற்குள் விழுந்து
ஒட்டிக்கொள்ளும்.
பொய் சொல்லவில்லை யாரும்.

முடி அலசும்போது சொன்னாள்:
பெய்ப்சி ஏரி, மார்ச் மாதம்,
உறைபனிமேல் தம்பியின் மோட்டார் சைக்கிள்.
முதலில் விரிசல் சத்தம்.
அப்புறந்தான் விளக்கு அணைந்தது.
நடுவே இடமிருந்தது, இவர் கத்தியிருக்கலாம்.
ரெண்டும் ஒன்றாகத்தான் வந்தது என்கிறார்
முப்பத்தோரு வருஷமாய்.

என் விளக்கின் இரு மினுக்கலுக்கு நடுவே
நொடியின் இருபதில் ஒரு பங்கு.
'கா' என்று வாய் திறக்கவே போதாது,
காரெல் என்று எங்கே முடிப்பது?

சொல்லவில்லை.
இன்னொரு குவளை ஊற்றினேன்,
பசை போகட்டும் என்று.

வாசலில் அவளுடைய கோட்டை விரித்துப் பிடித்து
நின்றிருந்தார்.
எந்தக் கை முதலில் நுழைந்ததென்று
நான் பார்க்கவில்லை.