அரை மணித்தியாலம்

என் கைப்பையில் மூன்று அட்டைகள் கிடக்கின்றன,
கூட்டங்களில் கழுத்தில் மாட்டிவிடுகிற அட்டைகள்.
ஒன்றிலும் என் பெயர் சரியாக இல்லை.
ஸ்ரேசனடி ஹோட்டலில் நான்
யோகப்பிரியன், ஆண்பால்.

விளக்கேற்ற ஏழு பேரை அழைத்தார்கள்.
திரி ஐந்துதான்.
நான் மென்பொருள் சோதிப்பவள்,
இதுகள்தான் முதலில் கண்ணில் படும்.
வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை,
தொழில்நுட்பம் நம் கையில் என்று
இரைகிற மைக்கில் ஒருவர்.
பிறகு ரோல்ஸ், பற்றிஸ், ஆறிப்போன நெஸ்கஃபே.
ஒரு பொடியன் கைபேசியை நீட்டினான்,
கட்டம் கட்டமான படத்தை நான் ஸ்கான் பண்ணியதும்
அடுத்த ஆளிடம் போய்விட்டான்.
அவனைக் குறை சொல்லேலாது.
அவனுக்கும் நாற்பது பேர் கணக்குக் காட்டவேணும்.

மற்றக் கூட்டத்தில்
வெள்ளைச் சேட்டுக்காரர் ஒருவர்
என் சம்பளத்தைக் கேட்டார்,
பிறகு அதை மும்மடங்காக்கும் நாணயமொன்றைப் பற்றி
பிளேன்ரீ ஆடை கட்டும்வரை சொன்னார்.
மூன்றாவதை விடுங்கோ.

எனக்கு ஒரு அளவுகோல் இருக்கிறது:
திங்கட்கிழமை காலை பல்லுத்தீட்டும்போது
யாரோ ஒருவரின் சிக்கல்
என் தலைக்குள் ஓடவேணும்.
ஓடாவிட்டால்
அது கலியாணவீடு.

பலாலி வீதியில்
சைக்கிளுக்குக் காத்தடித்துக்கொண்டு நின்றபோதுதான்
லோகிதாவைச் சந்தித்தேன்.
என் லப்டொப் பையில் ஒட்டியிருந்த பென்குவினைப் பார்த்து
"நீங்களும் இந்தச் சாதியோ?" என்றாள்.
சனிக்கிழமை, ஆறரைக்கு,
கொக்குவிலில் ரியூட்டரியொன்றின் பின்வகுப்பு.
பேச்சாளர் இல்லை. பனர் இல்லை.
ஆளுக்கொரு பிழை கொண்டுவரவேணும்.
"பிழை இல்லாட்டி?"
"அப்பிடியான ஆக்கள்
விளக்கேத்தப் போவினம்."

வாசலில் ஒன்பது சோடி செருப்பு.
கரும்பலகையில் யாரோ அழிக்காமல் விட்ட
பென்சீன் வளையம்.
அதற்குப் பக்கத்தில் சங்கீர்த்தன்
தன் பிழையை எழுதினான்.

சாதகம் கணிக்கிற செயலி செய்கிறானாம்.
எல்லாருக்கும் சரியாய் வருகுது,
தொண்ணூற்றாறிலிருந்து இரண்டாயிரத்தாறு வரை
பிறந்த சிலருக்கு மட்டும்
லக்கினம் மாறுகுது, சனம் ஏசுது.
"எனக்குச் சாதகமே இல்லை,
கோட் எங்கே?" என்றாள் ரிஸ்னா,
கதிரையை இழுத்துக்கொண்டு.

வரி வரியாய்ப் பார்த்தோம்.
கணக்கில் பிழையில்லை.
நேர வலயங்களைக் காக்கிற நூலகத்திலும் பிழையில்லை.
கொழும்பு அந்தப் பத்து வருசமும்
மணிக்கூட்டு முள்ளை முன்னே தள்ளி வைத்திருந்தது,
அதை அது அச்சொட்டாய்ச் சொல்கிறது.

கரண்ட் போனது.
லப்டொப் வெளிச்சத்தில் முகங்கள் நீலம்.
அப்போதுதான் லோகிதா,
யாருக்கென்றில்லாமல்:
"நான் முழங்காவில். தொண்ணூற்றொன்பது.
எங்கடை பக்கம் முள்ளை மாத்தேல்லை."

கொஞ்ச நேரம் ஒருவரும் தட்டச்சவில்லை.
பிறகு எல்லாரும் ஒன்றாய்க் கதைத்தார்கள்.
யாழ்ப்பாணத்தில் புதுநேரம், வன்னியில் பழையநேரம்;
சோதனைச்சாவடி தாண்டினால்
அரை மணித்தியாலம் திரும்பக் கிடைக்கும்.
டவுனில் இருந்துகொண்டே
பழையநேரம் பார்த்த வீடுகளும் இருந்தன.
எந்த விதிக்குள்ளும் அடங்காது.
ஊரையும் திகதியையும் கொடுத்தாலும்
கணினிக்குத் தெரியவராது.

ரிஸ்னாதான் தீர்த்தாள்.
"கேளுங்கோவன்" என்றாள்.
"படிவத்தில் ஒரு கேள்வி கூட்டுங்கோ:
நீங்கள் பிறந்த நேரம்
வீட்டில் ஆர் வைச்சிருந்த நேரம்?"

ஏழு சொல்.
நான் அதைச் சோதித்தேன்,
லோகிதாவின் பிறந்தநாளை வைத்து.
லக்கினம் தன் இடத்துக்கு வந்தது.
அவள் அதைப் பார்க்காமல்
செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அடுத்த சனிக்கு என் முறை.
கொண்டுபோக ஒரு பிழை இருக்கிறது,
இரண்டு கிழமையாய் ஒளித்து வைத்திருந்தது,
வேலையிடத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

கேற்றடியில், சைக்கிளில் ஏறப்போகையில்,
சங்கீர்த்தன் கைபேசியை எடுத்து
இலக்கத்தைக் குறித்துவிட்டு நிமிர்ந்தான்.
"அக்கா, உங்கடை பெயர்?"

மூன்று மணித்தியாலம் கழித்து.