ஐந்து இலக்க ஊர்

அதுவரை
எங்கள் வாடிக்கையாளர்கள் நாலாயிரம் பேரும்
ஒரே எண்ணில் குடியிருந்தார்கள்:
ஒன்று இரண்டு மூன்று என்று
ஒன்பது வரை போய்
பூஜ்யத்தில் முடியும் வீடு.
எல்லோருக்கும் பெயர் டெஸ்ட்.
சிலருக்கு அப்பா பெயரும் டெஸ்ட்.

கடன் கம்பெனிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள்,
கொஞ்சம் நிஜம் மாதிரி இருக்கட்டும் என்றாள்
விபா நாடிகேர்.
கோரமங்களாவில் மூன்றாம் மாடி.
வெளியே மழைக்கு முந்தைய ஆரஞ்சு வெளிச்சம்,
உள்ளே குளிர்.

எஸ்டிடி குறியீடுகளின் பட்டியலைத் தேடி எடுத்தேன்.
இப்போது யார் வீட்டில் இருக்கிறது லேண்ட்லைன்?
ஆனாலும் படிவத்தில் அந்தப் பெட்டி இருக்கிறது,
நட்சத்திரக் குறியோடு.
நிரப்பாமல் நகர விடாது.

ஒரு விதி புரிந்தது.
முன்னால் நிற்கும் பூஜ்யத்தைத் தள்ளிவிட்டால்
ஊரும் ஆளும் சேர்ந்து பத்து இலக்கம்.
பெங்களூருக்கு எண்பது போதும்,
மிச்சம் எட்டும் ஆட்களுக்கு.
கோவைக்கு மூன்று, ஏழு.
சின்ன ஊர் என்றால்
ஊரைச் சொல்லவே நாலு செலவாகிவிடும்,
ஆளுக்கு ஆறுதான் மிஞ்சும்.
பெரிய ஊர்க்காரர் "பெங்களூர்" என்று நிறுத்திக்கொள்வார்.
நாங்கள்தான்
"ஓசூர், பாகலூர் ரோடு, பஸ் ஸ்டாண்டு தாண்டி" என்று
இழுத்துக்கொண்டே போவோம்.

சதாசிவ நகருக்கு ஒரு பல் மருத்துவரை அனுப்பினேன்.
மைசூருக்கு ஒரு தையல்காரர்.
மதுரைக்கு இரட்டையர்,
ஒரே எண், ஒரே பிறந்த தேதி,
கணினி குழம்புகிறதா என்று பார்க்க.
குழம்பவில்லை.
பிறகு ஓசூர்.

சிவப்பு.
'செல்லாத குறியீடு'.
மறுபடி அடித்தேன், மெதுவாக:
பூஜ்யம், நாலு, மூணு, நாலு.
கடைசி நாலை வாங்க மறுத்தது பெட்டி.
தருமபுரி? சிவப்பு.
கோலார் தங்கவயல்? சிவப்பு.
நாலு கட்டத்துக்கு மேல் நீளமான ஊர்
இந்த நாட்டில் கிடையாது என்று
யாரோ ஒரு மதியம், சாப்பிட்ட மயக்கத்தில்,
முடிவு செய்திருக்கிறார்.

பிழை என்று பதிந்தேன்.
மொஹந்தியிடமிருந்து பதில்:
"எட்ஜ் கேஸ். அடுத்த ரிலீஸில் பார்க்கலாம்."

எட்ஜ்தான், மொஹந்தி.
அத்திப்பள்ளி சாவடிக்கு அந்தப் பக்கம்,
கன்னடப் பலகை முடிந்து தமிழ்ப் பலகை தொடங்கும் இடம்.
அங்கிருந்துதான் ஆறு நாற்பது பஸ்ஸில்
தினமும் வருகிறேன்,
வாடகை பாதி என்பதால்.
நம் வரவேற்பறை ஜாடியில் இருக்கும் ரோஜாவும்
அங்கிருந்துதான் வருகிறது.
அதற்கு முந்தைய பஸ்ஸில்.

இதை எழுதவில்லை.
'ஓசூரில் கடன் வாங்கக்கூடியவர்கள் எத்தனை பேர்?'
என்று ஒரே வரி எழுதி
விபாவுக்கும் நகல் போட்டேன்.
மூன்று மணிக்குள் பெட்டிக்கு
ஐந்தாவது கட்டம் முளைத்தது.

நாலரைக்கு ஓடவிட்டேன்.
பச்சை. பச்சை. பச்சை.
எல்லோரும் அணைக்க மறந்த அழைப்பு இயந்திரம்
விழித்துக்கொண்டது.
நான் பொய்யாகக் கோத்த ஆறு இலக்கம்,
இரண்டில் தொடங்குவது,
ஓசூரில் எங்கோ நிஜமாகவே அடித்தது.

ஹெட்போனில் ஓர் ஆண் குரல்.
பின்னால் ஏதோ மோட்டார் ஓடுகிறது.
"கடனா? வேணாம்மா.
போன மாசந்தான் ஒண்ணு அடைச்சேன்."
பதிவுசெய்த குரல் அவரை விடவில்லை:
வேண்டாம் என்றால் ஒன்றை அழுத்தவும்.
"ஒண்ணு வேலை செய்யலம்மா. தேஞ்சு போச்சு."
வேண்டாம் என்றால் ஒன்றை அழுத்தவும்.
"அதான் சொல்றேனே."

ஓடிப்போய் நிறுத்தினேன்.
அந்த வரிசையில் நான் கொடுத்திருந்த பெயர்
கஜபதி, வயது ஐம்பத்திரண்டு, சொந்த வீடு.
எதுவும் அவருடையதாக இருக்காது,
ஊரைத் தவிர.
இரண்டை எடுத்துவிட்டுப் பூஜ்யம் வைத்தேன்.
பூஜ்யத்தில் தொடங்கும் வீடு எந்த ஊரிலும் இல்லை.
குறியீட்டைத் தொடவில்லை.

கிளம்புமுன் புதிதாக ஒரு சோதனை எழுதினேன்:
'வாடிக்கையாளரின் போனில் ஒன்று என்ற பட்டன்
வேலை செய்யவில்லை.
எதிர்பார்க்கும் விளைவு:'
அதற்கு எதிரே என்ன போடுவது என்று தெரியாமல்,
பஸ்ஸுக்கு நேரமாகி,
அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.