குற்றம் ஏதும் காணப்படவில்லை

ஹீயுமா தீவு. மார்ச். கடல் இன்னும் உறைந்தே கிடக்கிறது.
ஜெப வீட்டில் இருபத்திரண்டு பேர்,
கதவோரம் நின்ற என்னைச் சேர்க்காமல்.

கேப்டன் லாப்தெவ் அவர்களுக்கு:
எண்டெல் இன்றும் அரசைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை.
டிராக்டர் நிலையத்திலிருந்து நேரே வந்தவன்,
நகக்கண்ணில் கிரீஸோடு எழுந்து நின்று
புளித்த மாவைப் பற்றிச் சொன்னான்.
ஒரு பிடி. அதை ஒரு பெண்
தொட்டி நிறைய ரை மாவுக்குள் ஒளித்து வைத்தாள்.
காலையில் மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றதாம் மாவு.
அவ்வளவுதான்.
குற்றம் ஏதும் காணப்படவில்லை.

போன வாரம் விதை. அதற்கு முந்தின வாரம்
காசு தொலைத்தவள், விளக்கேற்றி வீடு பெருக்கியவள்.
மண்ணெண்ணெய்ப் பங்கீட்டைக் கிண்டல் செய்கிறானா என்று
ஓரத்தில் சிவப்பு மையால் கேட்டிருந்தீர்கள்.
இல்லை. பெருக்கினாள், கிடைத்தது,
அண்டை வீட்டுக்காரிகளைக் கூப்பிட்டாள்.
கொண்டாட்டத்துக்கு அந்தக் காசைவிட
அதிகம் செலவாகியிருக்கும் என்று
எனக்குத் தோன்றியது. அது என் கருத்து. அடித்துவிடுங்கள்.

ஏன் எதையும் கதையாகவே சொல்கிறாய் என்று
படகுத்துறையில் வைத்துக் கேட்டேன்,
நீங்கள் சொல்லித்தந்தபடி, சிகரெட் நீட்டி.
"கட்டளை என்றால் தலையாட்டிவிட்டு
இங்கேயே போட்டுவிட்டுப் போவீர்கள்.
கதையை வீட்டுக்குக் கொண்டுபோவீர்கள்.
நடுச்சாமத்தில் அது உங்களைத் தட்டி எழுப்பும்போது
பக்கத்தில் நான் இருக்க மாட்டேன்.
நீங்களும் அதுவும்தான் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்."
சிகரெட்டை வாங்கவில்லை.

கேட்கிற காது வேறு, ஒட்டுக்கேட்கிற காது வேறு.
ஏழு வருடமாக இரண்டாவதை மட்டுமே
தீட்டி வைத்திருந்தேன்.
வாசலில் பை சோதிக்கிறவனுக்கு
ரொட்டியைப் பிட்டுப் பார்க்கத் தோன்றுமா?

இன்றைக்கு மாவோடு அவன் நிறுத்தவில்லை.
இரண்டு மகன்கள். இளையவன் எங்கோ போய்,
எலும்பும் தோலுமாய்த் திரும்பி வருகிறான்.
வீட்டில் விருந்து, ஆட்டம்.
வயலிலிருந்து வந்த மூத்தவன்
முற்றத்தைத் தாண்டாமல் நிற்கிறான்.
தகப்பன் வெளியே வந்து கெஞ்சிக் கூப்பிடுகிறார்.
எண்டெல் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.
"அப்புறம்? உள்ளே போனானா இல்லையா?"
தையல்காரி ஹெல்மிக்குப் பொறுக்கவில்லை.
எண்டெல் தோளைக் குலுக்கினான்.
என் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்
அச்சுறுத்தல் என்று எழுதியிருப்பேன்.

கேப்டன்,
நாற்பத்தொன்பதில் பட்டியல் போட்டபோது
எங்கள் பண்ணையிலிருந்து ஒரு பெயர் கேட்டீர்கள்.
வால்தூர் என்று எழுதினேன்.
கையெழுத்து உங்கள் கோப்பில் இருக்கும்,
'வா' கொஞ்சம் கோணலாக.
அவன் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டான்,
பனிப்பாதை லாரியில், ஓம்ஸ்க்கிலிருந்து,
முன்பற்கள் நான்கு இல்லாமல்.

இதை எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று,
விறகுக்குவியலின்மேல் தாளை வைத்து எழுதுகிறேன்.
உள்ளே யாரோ அக்கார்டியன் வாசிக்கிறார்கள்.
அப்பா இரண்டு முறை கதவைத் திறந்துவிட்டார்.
இரண்டாம் முறை தொப்பிகூடப் போடாமல்
படியிறங்கி நின்றார். கூப்பிடவில்லை.
திறந்த கதவை அப்படியே விட்டுவிட்டுப் போனார்;
சூடெல்லாம் வெளியே போகிறது.

பதினேழாம் அறிக்கையை இத்துடன் முடிக்க வேண்டும்.
முடிவு இன்னும் கிடைக்கவில்லை.

பூட்ஸில் ஒட்டிய பனியைத்
தட்டிக்கொண்டிருக்கிறேன்,
வெகுநேரமாக.