இருபது கிராம்

நாவலப்பிட்டியில் இறங்கி
ஆறு எங்கே என்று கேட்டேன்.
ஆட்டோக்காரர் சிரித்தார்.
"ஏதாச்சும் கடைக்குள்ள போங்க மிஸ்,
பின் கதவத் தொறந்தா ஆறுதான்."

உண்மைதான்.
இந்த ஊர் ஆற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறது.
முகம் முழுக்க வீதிக்கு:
செருப்புக் கடை, நகை அடகு, போன் ரீலோட்,
நீலத் தறப்பாள் இறக்கிய பழக்கடை.
முதுகுப் பக்கம் மகாவலி,
பாத்திரம் கழுவிய தண்ணீரையும் வாங்கிக்கொண்டு
பேசாமல் போகிறது.

நான் ஆறு பார்க்க வரவில்லை.
அளவைத் திணைக்களத்துப் பெட்டியோடு வந்தேன்.
வெல்வெட் குழிகளில் பித்தளைப் படிகள்,
ஐந்து கிலோவிலிருந்து
தும்மினால் பறக்கும் ஒரு கிராம் வரை.
வருடத்துக்கு ஒருமுறை
இந்த ஊர்த் தராசுகளுக்கு முத்திரை குத்த வேண்டும்.

நகரசபை மண்டபத்தில் வரிசை.
தெய்வராணி மரக்கறித் தராசைப்
பிள்ளையைப் போல இடுப்பில் தூக்கி வந்தாள்.
சரி. முத்திரை.
ரணவீர முதலாளியின் நகைத் தராசு
கண்ணாடிக் கூண்டுக்குள் மூச்சைப் பிடித்தபடி.
சரி. முத்திரை.
ஒருவர் படியின் அடியைத் தோண்டி
ஈயத்தை எடுத்திருந்தார்.
எழுதினேன், கையெழுத்து வைத்தார்,
மழை வலுத்தது.

மூன்று மணிக்கு ஜெய்னுதீன், மீன் கடை.
வெறும் தராசே ஒரு பக்கம் சாய்ந்தது.
இருபது கிராம்.
"யாருக்கு நட்டம் மிஸ்?"
"உங்களுக்குத்தான்."
அவர் நம்பவில்லை. மறுபடி காட்டினேன்.
ஒவ்வொரு நிறுவைக்கும் இருபது கிராம் மீன்
கூடப் போயிருக்கிறது.

படி வைக்கும் தட்டைக் கவிழ்த்தேன்.
அடியில், விளிம்பு மடிப்புக்குள்,
காய்ந்த சேறு.
"போன வெள்ளம்," என்றார்.
நெஞ்சில் கை வைத்து மட்டம் காட்டினார்.
"எல்லாத்தையும் கழுவுனேன்.
இத மட்டும் தலகீழாப் பாக்கல."

விரல் விட்டுக் கணக்குப் போட்டார்,
பத்து மாதம், ஒரு நாளைக்கு நாற்பது பேர்,
பாதியில் கையை உதறினார்.
"சரி விடுங்க.
வாங்குனவங்களும் அந்தச் சேத்துல நின்னவங்கதானே."

குறைந்தாலும் பிழை, கூடினாலும் பிழை.
பேனாக்கத்தியால் சுரண்டினேன்.
காகிதத்தில் விழுந்ததைப் பழக்கதோஷத்தில் நிறுத்தேன்:
பத்தொன்பது.
ஒரு கிராம் எங்கே போனதென்று தெரியவில்லை.
முள் நடுவில் நின்றது. முத்திரை. ரசீது.

காகிதத்தை என்ன செய்வதென்று
இரண்டு பேருக்கும் விளங்கவில்லை.
"கொண்டாங்க," என்று மடித்து வாங்கிக்கொண்டு
வேலை முடிந்ததும் கடைக்கு அழைத்துப் போனார்.
செதில் ஒட்டிய பலகை, ஐஸ் பெட்டி,
ஒரு பூனை, பின் கதவு.

நான் நினைத்ததைவிட அகலம்.
நினைத்ததைவிடப் பழுப்பு.
எதிர்க்கரையில் ஒருத்தி பாயை அடித்துத் துவைக்கிறாள்;
கை மறுபடி உயர்ந்த பிறகே
முதல் அடியின் சத்தம் நம்மிடம் வருகிறது.
ஜெய்னுதீன் காகிதத்தை விரித்துத் தட்டினார்.
காற்று எதிர்த்து வீசியது,
பாதி எங்கள் மேலேயே விழுந்தது.

ஒரு கிலோ திலாப்பியா, காசு கொடுத்துத்தான் வாங்கினேன்.
முள் நடுவில் நின்ற பிறகு
இன்னொரு சின்ன மீனை மேலே போட்டார்.
நான் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தே முக்கால் ரயில் ஏழு மணிக்கு வந்தது.
மடியில் பெட்டி, அதன் மேல் மீன் பை.
கடுகண்ணாவ வாசிகள் இருவர் மூக்கைச் சுளித்தார்கள்.
பை ஒழுகி வெல்வெட்டில் இறங்கியிருக்கிறது.
அரைக் கிலோப் படி
நாளைக்குக் கம்பளையில் மணக்கும்.