பதினாலாம் எண் வரவில்லை

பதினாலாம் எண் வரவில்லை.
சுங்கை பினாங்கு நிரம்பிவிட்டதாம்.
ஒரு குறுஞ்செய்தி, கூடவே ஒரு படம்:
முட்டிவரை பழுப்புத் தண்ணீர்,
அதில் ஒற்றைச் செருப்பு மிதக்கிறது.

இங்கே எல்லாம் தயார்.
அசையாத சைக்கிள், சவரக்கத்தி,
ஆல்கஹால் பஞ்சு, பசைவட்டுகள்.
பிரித்த உறையை நாளைக்கென்று வைக்க முடியாது,
பசை காய்ந்துவிடும்.
டாக்டர் ஸுல்ஹில்மி ஈப்போவில், ஏதோ கூட்டம்.
நானே ஏறி உட்கார்ந்தேன்.

எண்பது பேருக்கு ஒட்டிய கையால்
எனக்கே அளந்து ஒட்டிக்கொண்டேன்.
முன்தொடைக்கு இரண்டு, பின்தொடைக்கு இரண்டு,
கெண்டைச்சதைக்கு இரண்டு.
மறுகாலுக்கும் அப்படியே.
முழங்கால் சில்லின் மேல் ஒன்று.
அங்கே தசை கிடையாது, அது எதுவும் சொல்லாது,
அதனால்தான் அதை நடுவராக வைக்கிறோம்.

முதலில் நூறைத் தேட வேண்டும்.
நாற்காலியில் காலைக் கட்டிவிட்டு
உதை, இன்னும் உதை, விடாதே என்று
வருகிறவர்களிடம் கத்துவது என் வேலை.
அந்த உச்சம்தான் அவரவர் நூறு.
ஒன்பதாம் எண்
(பெயர் சொல்லக்கூடாது; ஆயர் ஹீத்தாம் அணைமேட்டை
வாரம் மூன்று முறை ஏறுகிறவர்)
அவருடைய நூறும்
வாசலில் தூங்கும் காவல்காரர் நூறும் ஒன்றல்ல.
இன்று எனக்குக் கத்த ஆளில்லை.
நானே கத்தினேன்.
குளிர்சாதனம் மட்டும்
ஐம்பது ஹெர்ட்ஸில் உடன் முனகியது.

மிதித்தேன். நிமிடத்துக்கு அறுபது சுற்று.
திரையில் முள்ளம்பன்றிகள்
ஒவ்வொன்றாய்ச் சிலிர்த்து அடங்கின.
மிதி உச்சிக்கு வருமுன்பே
தொடை பேச ஆரம்பித்துவிடும்.
கால் கீழிறங்குவது அதற்கப்புறம்.
தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள்,
சொந்தபந்தத்தைப் பற்றி.
பத்து மாதமாக நான் அதை
உறவு கலக்காமல் பார்த்துவருகிறேன்.

வலது கால் பாடப்புத்தகம்.
முன்தொடை தள்ளும், ஓயும்.
பின்தொடை இழுக்கும், ஓயும்.
ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்கிற வீடு.

இடது காலில்
இரண்டும் சேர்ந்து பேசின.

பசை நழுவியதோ என்று துடைத்து மறுபடி ஒட்டினேன்.
கம்பிகளை இடம் மாற்றிச் செருகினேன்.
குளிர்சாதனத்தைக்கூட அணைத்தேன்.
அதேதான்.
முன்தொடை தள்ளுகிறது,
அதே நொடியில் பின்தொடை பிடித்துக்கொள்கிறது.
பிரேக்கை அழுத்திக்கொண்டே மிதிக்கும் கால்.

கிரீன் லேன் விளக்குக் கம்பம்.
சிமெண்டு லாரி.
மூன்று வருடம் ஆயிற்று.
முற்றும் குணம் என்று எழுதிய தாள்
காப்புறுதிக் கோப்பில் இருக்கிறது,
நகலெடுத்தவளே நான்தான்.
வலியில்லை. நொண்டலில்லை.
போன தைப்பூசத்தில் தண்ணீர்மலைப் படி
ஐந்நூற்றுச் சொச்சமும் ஏறி இறங்கினேன்,
பால்குடம் தளும்பாமல்.
அந்தக் காலுக்கு மட்டும்
லாரி இன்னும் திரும்பிக்கொண்டிருக்கிறது.

பிய்த்தெடுத்தபோது பதின்மூன்று சிவப்பு வட்டம்.
கோப்புக்கு என்ன பெயர் என்றது கணினி.
காலில் முன்காயம் உள்ளவர்களைச் சேர்ப்பதில்லை;
படிவத்தின் முதல் பக்கம், நான் தட்டச்சிட்ட வரி.
தள்ளுபடி அடைவில் போட்டேன்.
அழிக்கவில்லை.

தண்ணீர் வடிந்துவிட்டது, நாளைக்கு வரலாமா?
பதினாலாம் எண்.
வாருங்கள், அரைக்கால்சட்டையில், என்று அனுப்பினேன்.

பேருந்தில் இடம் இருந்தும் உட்காரவில்லை.
கம்பியைப் பிடித்துக்கொண்டு
எடையெல்லாம் இடப்பக்கம் கொடுத்து நின்றேன்.
ஜெலுத்தோங் வளைவில் வண்டி சாய்ந்தது.
கவனித்தேன்.
ஒன்றும் தெரியவில்லை.
தெரியாதுதான்.
அதற்குத்தானே ஒட்டுகிறோம்.